மகிழடியில் ஒரு சத்தியம்

புழல் ஏரியைக் கடந்து, செங்குன்றம் வழியே சென்றால் ஞாயிறு என்னும் சிற்றூரை அடையலாம். பண்டைய புழற்கோட்டத்தில் அடங்கிய ஊர் இது. சுந்தரமூர்த்தி நாயனாரின் மனைவியான சங்கிலியார் அவதரித்த தலம் என்ற பெருமை இதற்கு உண்டு.

திருவொற்றியூரில் கன்னிமாடத்தில் தங்கி, இறைவனுக்கு மாலை தொடுத்துவந்தார் சங்கிலியார். சுந்தரருக்கு அவரை மணம் பேச இறைவனே கனவில் எழுந்தருளினார். சங்கிலியார் மறுக்கவில்லை, ஆனால் தயங்கினார். சுந்தரருக்குத் திருவாரூரில் பரவையார் இருந்தார். அங்கே அவருக்கென ஒரு சுற்றமும் இருந்தது. சங்கிலியாரின் ஐயம் சுந்தரரின் அன்பைப் பற்றியது அன்று; தாம் அறியாத அந்த உறவுகள் அவரை எப்போது அழைத்துக்கொள்ளுமோ என்பதே. ஆகவே, பிரியேன் என்ற சத்தியம் வேண்டப்பட்டது. பிற கடன்கள் தெரியாதவரிடம் ஜாமீன் கேட்பதைப் போன்ற நியாயம் அது.

சந்நிதியில் சத்தியம் செய்ய அஞ்சிய சுந்தரர், அவ்வேளையில் மகிழமரத்தடியில் எழுந்தருளியிருக்குமாறு இறைவனை வேண்டினார். இறைவனோ அதை ஏற்றதோடு, மகிழடியிலேயே சத்தியம் பெறும்படி சங்கிலியாருக்கும் உணர்த்திவிட்டார். பின்னாளில் ஆரூர் நினைவு மேலிட, சுந்தரர் ஒற்றியூர் எல்லையைக் கடந்தார், கண்ணொளி இழந்தார். காஞ்சியில் இடக்கண்ணும் ஆரூரில் வலக்கண்ணும் மீண்டன.

ஆனால் பரவையார் இல்லத்தில் அவருக்கு இடமில்லை. ஒற்றியூர்த் திருமணச் செய்தி கணவர் சொல்லி வரவில்லை. பிறர் வாயிலாக வந்திருந்தது. சமாதானம் பேசச் சென்றோரின் சொல் எடுபடவில்லை. நள்ளிரவில் இறைவனே இருமுறை தூது நடந்த பிறகே அவர் மனம் இளகினார் என்கிறது 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அருளிய பெரியபுராணம்.

இக்காலத்தில், நிச்சயம் ஆன பெண்ணும் பிள்ளையும் ஒருவர் மற்றவரின் கைப்பேசியில் தெரியும் அறியாத முகங்களைக் கண்டு கலங்குகின்றனர். இவர் யார், இவருக்கு நம்மைப் பற்றித் தெரியுமா என்ற வினாக்கள் வாய்விட்டுக் கேட்கப்படாமல் மனத்துள் புகைகின்றன. கேட்டவரைச் சந்தேகப் பிராணி என்று இகழ்வது தகாது. தெரியாமையே அச்சத்தின் வேர். நண்பரையும் சுற்றத்தாரையும் நேரில் அறிமுகம் செய்துவைத்தால் பாதிக் கலக்கம் அன்றே தீரும். எஞ்சியதை இருவருக்கும் வேண்டிய பெரியவர் ஒருவர் தீர்த்துவைப்பார்.

மாசிப் பெருவிழாவில் திருவொற்றியூர் சென்று மகிழடி சேவை காணும் இளந்தம்பதியர், மறைவின்றி வாழும் மனத்தைத் தியாகராஜப் பெருமானிடம் வேண்டிக்கொள்ளட்டும். தோழனுக்காகவும் பொய்ச் சத்தியத்துக்குத் துணைபோகாத பெருமான் அவர். அத்தோழனுக்காகவே இரவில் வீதி நடந்தவரும் அவரே.