குடியில்லா நகரம்

அமெரிக்காவின் புளோரிடாவில் 20,000 பேர் வாழத்தக்க எதிர்கால நகரொன்றை அமைக்க வால்ட் டிஸ்னி திட்டமிட்டார். 'எப்கொட்' என்று பெயருமிட்டார். 1966 டிசம்பரில் அவர் காலமானார். நகரை நடத்தும் பொறுப்பை ஏற்க அவருடைய நிறுவனம் தயங்கிற்று. 1982-இல் அப்பெயரோடு திறக்கப்பட்டதோ, குடியிருப்போர் எவருமில்லாத கேளிக்கைப் பூங்கா!

நமது கிளிநொச்சியும் திட்டமிட்டு எழுந்த ஊரே. யாழ்ப்பாணத்தின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கவென 1936-இல் அங்கே குடியேற்றம் தொடங்கிற்று. இரணைமடுக் குளம் வயல்களை வாழ்வித்தது. போரில் வீழ்ந்த நீர்த்தாங்கி, 2009-இன் பின் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்சிப்பொருளாயிற்று. ஆயினும் ஊர் வெறுங்காட்சியாகிவிடவில்லை. இடம்பெயர்ந்தோர் மீண்டு வந்தனர், வயலை உழுதனர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர். நகருக்கு உயிர் அதன் குடிகளன்றோ, நேயர்களே?