தலைப்பிள்ளைக்குத்தான் அறிவு அதிகமா?

"காக்காவைப் பார்! எப்படிப் படிக்கிறார்! நீயும் இருக்கிறாயே!"

நம் இல்லங்களில் அடிக்கடி ஒலிக்கும் பேச்சு இது. தலைப்பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, மூன்றாமவனை "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று கடையில் அமர்த்திவிடும் பெற்றோர் உண்டு. அத்தீர்ப்பு நியாயமானதுதானா? சற்றே சிந்தியுங்கள்.

மூத்தவர்கள் அறிவில் முந்துகிறார்கள் என்னும் கருத்து பழமையானது. இங்கிலாந்து விஞ்ஞானிகளுள் தலைமகன்கள் மிகுந்திருப்பதாக 1874-ஆம் ஆண்டிலேயே பிரான்சிஸ் கால்ட்டன் எழுதினார். பல்கலைக்கழக மாணவர்களிடையேயும் தலைப்பிள்ளைகளே மிகுதி என்று 1963-இல் அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்டான்லி ஷாக்டர் சுட்டினார்.

அப்படியானால் இறுதியில் பிறந்தவன் என்ன குற்றம் செய்தான்?

இதற்கு விடை 2007-இல் நார்வே நாட்டிலிருந்து கிடைத்தது. இராணுவச் சேர்க்கையின்போது ஏறத்தாழ 2,40,000 இளைஞர்கள் எழுதிய அறிவுத் தேர்வுகளை இரு ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். முதற்பிள்ளைகளின் நுண்ணறிவு ஈவு, இரண்டாமவர்களைவிடச் சராசரியாக 2.3 புள்ளிகள் மட்டுமே கூடுதலாக இருந்தது. சராசரி மனிதனின் ஈவு 100 என்பதை நினைவிற் கொண்டால், இது எத்துணைச் சிறிய வேறுபாடு என்பது விளங்கும்.

அதனினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. மூத்த குழந்தை சிறு வயதிலேயே இறந்துவிட, வீட்டின் மூத்த பிள்ளையாகவே வளர்ந்த இரண்டாமவர்கள், தலைப்பிள்ளைகளுக்கு நிகரான புள்ளிகளைப் பெற்றிருந்தனர். ஆகவே வேறுபாடு கருவறையில் தோன்றுவதன்று. வீட்டில் பிள்ளைக்குக் கிடைக்கும் இடத்தில் தோன்றுவது.

மூத்த பிள்ளை சில காலம் பெற்றோரின் முழுக் கவனத்தையும் தனியே பெறுகிறது. பின்னர்த் தம்பி தங்கையருக்குச் சொல்லிக் கொடுக்கிறது. கற்பிப்பவரின் அறிவே முதலில் கூர்மையடைகிறது என்பது உளவியலார் தரும் விளக்கம்.

எனவே பெற்றோர்களே, இளைய பிள்ளைக்கும் நாள்தோறும் சிறிது நேரத்தைத் தனியாக ஒதுக்குங்கள். அன்று படித்த பாடத்தை அவன் உங்களுக்குக் கற்பிக்கட்டும். நீங்கள் மாணவராய் அமர்ந்து கேளுங்கள். சராசரிக் கணக்கு எந்த ஒரு பிள்ளையின் தலையெழுத்தும் ஆகாது. மூத்தவரை விஞ்சிய இளையவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

பிறந்த வரிசையை மாற்ற நம்மால் இயலாது. கவனத்தைப் பங்கிடும் வரிசையை மாற்ற இயலும். கடைசிப் பிள்ளையைக் கடைக்கு அனுப்புமுன், அவனுக்கு உரிய பங்கைக் கொடுத்தோமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.