வெள்ளையருக்கு மட்டும் ஒரு முற்போக்காளர்

ஜேம்ஸ் வார்டமனை 'முற்போக்குக் காலத்து' ஆளுநர் என்று அமெரிக்க வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. எனக்குக் கோபம் அந்தச் சொல் மீதுதான்.

1904 முதல் 1908 வரை மிசிசிப்பியை ஆண்டவர் அவர். பெருநிறுவனங்களை எதிர்த்தார், ஏழை வெள்ளை விவசாயிகளுக்காகப் பேசினார். கைதிகளைத் தோட்ட முதலாளிகளுக்குக் குத்தகைக்கு விடும் முறைக்கும் முடிவு கட்டினார். சரி, அந்தக் கைதிகள் எங்கே போனார்கள்? அரசே நடத்திய பார்ச்மன் பண்ணைக்கு. பெரும்பாலும் கறுப்பர்கள். அங்கும் அதே பருத்தி வயல், அதே சாட்டை.

மக்கள் தலைவராம்! எந்த மக்கள்? 1890 அரசமைப்புச் சட்டம் தலைவரியாலும் எழுத்தறிவுத் தேர்வாலும் கறுப்பர்களின் வாக்குரிமையை ஏற்கெனவே பறித்திருந்தது. 1903இல் அவரை வேட்பாளராக்கிய கட்சித் தேர்தலில் வாக்களித்தவர்கள் வெள்ளையர்கள் மட்டுமே.

பதவியேற்ற ஆண்டிலேயே ஹோலி ஸ்பிரிங்ஸ் ஊரிலிருந்த கறுப்பின ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கான நிதியை வெட்டினார். பள்ளி மூடப்பட்டது. படித்த கறுப்பர் வயல் வேலைக்கு ஆகமாட்டார் என்பது அவர் வாதம். நமக்குப் பழகிய குரல்தான். கறுப்பர்களைக் கும்பலாகக் கொல்வதையும் வெளிப்படையாக ஆதரித்தார்.

'அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்' என்று சப்பைக்கட்டு கட்டுவோருக்கு ஒன்று: அதே ஹோலி ஸ்பிரிங்ஸில் 1862இல் அடிமையாகப் பிறந்த ஐடா பி. வெல்ஸ், வார்டமன் ஆளுநராவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே கும்பல் கொலைகளை எதிர்த்து எழுதிக்கொண்டிருந்தார்.