பன்னிரண்டு மைலுக்கு அப்பால்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "பன்னெண்டு மைல் தாண்டிட்டா இன்டர்நேஷனல் கடல் சார், அங்க எவன் கேக்கறது?" சுருக்குமடி வலை வைத்திருப்பவர் இதை உரிமையாகச் சொல்கிறார். நாட்டுப் படகுக்காரர் வயிற்றெரிச்சலோடு சொல்கிறார். சிதம்பரம் பக்கம் கிள்ளைக்கும் முடசலோடைக்கும் போனாலும் இதே கதைதான். அடித்துக்கொள்கிற இரண்டு தரப்பும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் இது. அதுவே தப்பு.

12 கடல் மைல் என்பது 22 கிலோமீட்டர் சொச்சம். கடலூரிலிருந்து பாண்டிச்சேரிக்கு டவுன் பஸ்ஸில் போகிற தூரம். அதுவரை நாட்டின் ஆட்சிக்கடல். அங்கிருந்து 200 கடல் மைல் வரை, அதாவது கரையிலிருந்து 370 கிலோமீட்டர் வரை, தனிப் பொருளாதார மண்டலம். 1976-லேயே நாடாளுமன்றம் இதற்குச் சட்டம் போட்டது. 1982-ல் உருவான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையும் இதையே சொல்கிறது; இந்தியா 1995-ல் அதை ஏற்புறுதி செய்தது. அந்த மண்டலத்தில் எந்த நாட்டுக் கப்பலும் போகலாம், வரலாம். ஆனால் மீன் மீதான உரிமை கரைக்குச் சொந்தக்கார நாட்டுக்கு. முதுநகர் சுருக்குமடி எதுவும் 370 கிலோமீட்டர் தாண்டிப் போய் விரிக்கப்படுவதில்லை.

கடல் எல்லை என்ற எண்ணத்துக்கும் இந்த ஊருக்கும் பழைய தொடர்பு உண்டு. 1690-ல் இங்குள்ள தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கியது கிழக்கிந்தியக் கம்பெனி. பீரங்கியை வெடித்து, குண்டு விழும் தூரம்வரை உள்ள ஊரெல்லாம் தனக்கு என்பது பேரம். அப்படிப் போன ஊர்களைத்தான் 'குண்டு கிராமங்கள்' என்றார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து பிங்கர்ஷூக் என்ற டச்சுச் சட்ட அறிஞர் இதே கணக்கைக் கடலுக்குப் போட்டார்: கரையில் இருக்கும் ஆயுதம் எட்டுகிற வரை அந்த நாட்டின் கடல். அதற்கு அப்பால் எல்லாருக்கும் பொது. நம் டீக்கடைப் பேச்சு இன்னும் அந்தப் பீரங்கிக் காலத்திலேயே நிற்கிறது. பீரங்கிக் கணக்கின் மூன்று மைல் பன்னிரண்டாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த மயக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததே. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் 'மீன்வளம்' மாநிலப் பட்டியலில் 21-வது இனம். 'ஆட்சிக்கடலுக்கு அப்பால் மீன்பிடிப்பு' ஒன்றியப் பட்டியலில் 57-வது இனம். ஆகவே தமிழ்நாட்டின் 1983-ஆம் ஆண்டு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 12 மைலோடு நிற்கிறது என்பது வாதம். சரி, நிற்கட்டும். அதற்காக அந்தப் பக்கம் சட்டமே இல்லை என்று ஆகிவிடுமா? வீட்டுக்காரர் டெல்லியில் இருக்கிறார் என்பதால் வீடு புறம்போக்கு ஆகிவிடாது.

"சுருக்குமடிய சுப்ரீம் கோர்ட்டே விட்டுடுச்சே" என்பார்கள். 2023 ஜனவரியில் வந்தது இடைக்கால உத்தரவு. 12 மைலுக்கு அப்பால், தனிப் பொருளாதார மண்டலத்துக்குள், பதிவு பெற்ற படகு மட்டும், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணிக்குப் போய் மாலை 6 மணிக்குள் திரும்ப வேண்டும், படகில் கண்காணிப்புக் கருவி இருக்க வேண்டும் என்றது. யாரும் கேட்க முடியாத கடலுக்கு எதற்கு இத்தனை நிபந்தனை? காற்றும் மீனும் வியாழக்கிழமை பார்த்தா வரும் என்று மீனவர் கேட்பது நியாயமான கேள்வி. அது வேறு கேள்வி. இன்னொன்றும் உண்டு: கடலூர் துறைமுகத்தில் ஏற்றாமல், மாநிலத்தின் கடலைத் தாண்டாமல், எந்த வலையும் அந்த 12 மைலைத் தொட முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் 12 மைலுக்கு அப்பால் போகக் கூடாது என்பதும் ஒன்றிய அரசின் உத்தரவே. அப்போது மட்டும் 'இன்டர்நேஷனல் கடல்' ஞாபகம் யாருக்கும் வருவதில்லை.

வலையைக் கரையில் விரித்துப் பார்த்தால் விவகாரம் புரியும். மேல் விளிம்பில் மிதவை, கீழ் விளிம்பில் வரிசையாக இரும்பு வளையங்கள், அவற்றுக்குள் ஓடுகிற கயிறு. மத்திக் கூட்டத்தைச் சுற்றி வளைத்துவிட்டுக் கயிற்றை இழுத்தால், பாட்டி இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பை மாதிரி அடி மூடிக்கொள்ளும். உள்ளே இருப்பது குஞ்சோ சினைமீனோ, எல்லாம் மேலே வரும். கூட்டம் 13-வது மைலில் வளைக்கப்பட்டால் 5-வது மைலில் வலை போடுகிறவருக்கு எதுவும் மிஞ்சாது.

'இன்டர்நேஷனல் கடல்' என்ற இந்தப் பொய்யால் லாபம் சுருக்குமடி முதலாளிக்கு என்று நினைக்கிறோம். எனக்கென்னவோ பெரிய லாபம் டெல்லிக்குத்தான் என்று படுகிறது. உடன்படிக்கையின் 61-வது பிரிவு, மீன்வளம் அளவுமீறிப் பிடிக்கப்பட்டு அழியாமல் காப்பது கரை நாட்டின் கடமை என்கிறது. உரிமையோடு அதையும் சேர்த்துத்தான் வாங்கினோம். வெளிநாட்டுக் கப்பல்களுக்கு 1981-லேயே சட்டம் வந்தது. நம் படகுகளுக்கு 2017-ல் எல்.இ.டி. விளக்கு, ஜோடி இழுவைக்குத் தடை என்று ஓர் உத்தரவு. 2025 நவம்பரில்தான் தனிப் பொருளாதார மண்டலத்துக்கான விதிகள். 1976-லிருந்து எண்ணினால் 49 வருஷம். அதற்கிடையில், 2018-ல், தேவனாம்பட்டினத்துக்கும் சோனங்குப்பத்துக்கும் நடந்த சுருக்குமடிச் சண்டையில் ஓர் உயிர் போனது.

சுருக்குமடி வேண்டும் என்று ஒரு மனு, வேண்டாம் என்று ஒரு மனு, இரண்டும் மாறி மாறி வந்து சேருவது கடலூர் ஆட்சியர் அலுவலகத்துக்கு. 12 மைலுக்கு அப்பால் நடப்பதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஒன்றிய மீன்வள அமைச்சகத்தின் வாசலில் அந்த இரண்டு கூட்டத்தில் ஒன்றுகூட இன்னும் போய் உட்கார்ந்ததாகத் தெரியவில்லை.