பார்வையாளர் இல்லாத திருவிழா

ஜப்பானியச் சித்திரப்படம் என்றாலே, சாப்பிட அடம் பிடிக்கும் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டும் சமாசாரம் என்பதுதான் நம்மில் பலருடைய எண்ணம். 'அனிமே' என்று அதற்குப் பெயர். ரயில்வேயில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், பேரன் எடுத்தவர், அதைப் போய்ப் பார்க்கிறார் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆனால் அந்தச் சிரிப்பு ஒரு நிர்வாகக் குழுவின் தீர்மானமாக மாறும்போது சும்மா இருக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். தலைநகர் வட்டாரத்தில் ஒரு தமிழ் அமைப்பு. உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர், அனிமே ரசிகர் கூட்டம் நடத்த ஒரு ஞாயிறு பிற்பகல் சிறிய அரங்கைத் தரும்படி மனுக் கொடுத்தார்கள். "தமிழ்ப் பண்பாட்டுக்குத் தொடர்பில்லாதது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அமைப்பின் பெயர் இங்கே வேண்டாம். எந்த ஊரிலும் நடக்கக்கூடியதே.

எனக்கு இந்தப் பழக்கம் தொற்றியது 1993-ல். தூர்தர்ஷனில் ஞாயிறு காலை 'ஜங்கிள் புக்' வரும். குல்ஜாரின் பாட்டு, ஷேர்கானுக்கு நானா படேகரின் குரல். ரயில்வே குவார்ட்டர்ஸில் அந்த அரை மணி நேரம் ஒரு குழந்தையையும் வெளியே பார்க்க முடியாது. அது 1989-ல் ஜப்பானில் எடுத்த தொடர் என்பது அப்போது எங்களில் யாருக்குத் தெரியும்? யூகோ சாகோ என்ற ஜப்பானியரும் நம் நாட்டு ராம் மோகனும் சேர்ந்து உருவாக்கிய ராமாயணச் சித்திரப்படமும் ஏறக்குறைய அதே காலத்தில் வந்ததுதான். 2025 ஜனவரியில் அது தமிழ்க் குரலோடும் திரையரங்குகளுக்கு வந்தபோது, பெரியவர்கள் பலர் பேரப்பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். பார்த்தது அனிமே என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்!

ஆனால் என்னை உண்மையில் பிடித்து இழுத்தது ரயில். லெய்ஜி மட்சுமோட்டோவின் 'கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999' என்ற கதையில், ஒரு சிறுவன் விண்வெளியில் ரயிலேறிப் போகிறான். அந்த ரயிலை இழுப்பது ஜப்பானிய ரயில்வேயின் சி62 நீராவி எஞ்சின்! அந்த வகை எஞ்சின் ஒன்று 1954-ல் 1067 மில்லிமீட்டர் குறுகிய பாதையில் மணிக்கு 129 கிலோமீட்டர் ஓடிச் சாதனை செய்தது. மீட்டர் கேஜ் பாதையில் வேலை பழகிய எனக்கு அதன் அருமை தெரியும். கற்பனைக் கதைதானே என்று எஞ்சினை ஏனோதானோவென்று வரையவில்லை, சக்கரமும் கம்பியும் அததன் இடத்தில் இருக்கின்றன. கதை வரும் விண்கலம், மனிதர் படங்களோடு இந்த ரயிலின் மனிதர்களையும் சுருகா என்ற துறைமுக நகரில் வெண்கலச் சிலைகளாக நிறுத்தியிருக்கிறார்கள்.

பிறகு மக்கோட்டோ ஷின்காயின் '5 சென்டிமீட்டர்ஸ் பெர் செகண்ட்', 2007-ல் வந்தது. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் தன் தோழியைப் பார்க்க டோக்கியோவிலிருந்து இவாஃபுனே என்ற சிறு ஸ்டேஷனுக்குப் போகிறான். பனி கொட்டுகிறது. ரயில் நின்று நின்று போகிறது. அவள் காத்திருப்பாளா, போயிருப்பாளா என்று அவனுக்குத் தெரியாது. கதை அவ்வளவுதான். டெல்லிப் பக்கத்து மூடுபனி இரவுகளில், சிக்னலுக்கு முன்னால் தண்டவாளத்தில் பட்டாசு வைக்கும் ஆட்களோடு கழித்தவன் நான். எங்களுக்கு வண்டி தாமதம் என்பது ரிஜிஸ்டரில் எழுதும் நிமிடக் கணக்கு. அந்த நிமிடங்களுக்குள் பெட்டியில் உட்கார்ந்திருப்பவன் மனது என்ன பாடுபடும் என்பதை அந்தப் படத்தில்தான் பார்த்தேன்.

ரசிகர் மாநாடுகளுக்கு வருவோம். 2011 பிப்ரவரியில் 'காமிக் கான்' முதன்முதலாக தில்லி ஹாட்டில் நடந்தது. பின்னாளில் ஓக்லா பொருட்காட்சி மைதானத்துக்குப் போனது. அங்கே பிள்ளைகள் கதாபாத்திரங்களாக வேடம் தரித்து வருவதை 'காஸ்ப்ளே' என்கிறார்கள். மாறுவேடப் போட்டி என்று நினைத்துத்தான் நானும் போனேன். ஒரு பையன் உடம்பு முழுக்கக் கவசத்தோடு நின்றான். தொட்டுப் பார்த்தால் இரும்பல்ல, பாயாக விரிக்கும் ஃபோம் ஷீட். காகிதத்தில் அளவெடுத்து வெட்டி, சூடு காட்டி வளைத்து, பசையிட்டு, வர்ணம் பூசியிருந்தான். தோள்மூட்டு மடங்க வேண்டுமே, எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "அங்கிள், மூணு தடவை கிழிஞ்சுது, நாலாவது தடவை எலாஸ்டிக் கொடுத்தேன்" என்றான். மயிலாப்பூர்க் குடும்பம், பிறந்தது லஜ்பத் நகர். டிப்ளமா வகுப்பில் நாங்கள் ஒரு வருடம் படித்த வரைபடப் பாடத்தை அவன் ஒரு கோடை விடுமுறையில் தானாகவே கற்றிருக்கிறான்.

குறையும் உண்டு. இந்த மாநாடுகளில் டிக்கெட் விலை அதிகம். கம்பெனிக் கடைகள் பெருத்து, ரசிகர்கள் தாங்களே செய்து கொண்டுவரும் பொருள்களுக்கு இடம் சுருங்குகிறது. படம் வரையும் ஜப்பானியக் கலைஞர்களில் பலர் சொற்ப ஊதியத்துக்குப் பழியாய் உழைக்கிறார்கள் என்பதையும் ரசிகர்கள் நினைப்பதில்லை. திருட்டுப் பிரதி பார்ப்பதைப் பெருமையாகச் சொல்லும் பிள்ளைகளை நான் கடிந்திருக்கிறேன்.

ஆனால் ஜப்பானில் இதற்கு மூலமான ஒரு கூட்டத்தின் வரலாறு நமக்குப் பாடம். டோக்கியோவில் 1975 டிசம்பர் 21 அன்று 'காமிக் மார்க்கெட்' தொடங்கியது. காரணம் என்ன? அப்போது நடந்துவந்த இன்னொரு மாநாடு, தன்னைக் குறை சொன்ன ஒரு ரசிகையை உள்ளே விட மறுத்தது. அந்தக் கோபத்தில் சில இளைஞர்கள் தனியே கூட்டினார்கள். முதல் நாள் வந்தவை 32 குழுக்கள், ஏறக்குறைய 700 பேர். 2019 கோடையில் நான்கு நாட்களில் 7 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். நடத்துகிறவர்கள் தொண்டர்களே. அங்கே ஒரு விதி: 'வாடிக்கையாளர்' என்று யாரும் கிடையாது. விற்பவர், வாங்குபவர், வரிசையை ஒழுங்குபடுத்துபவர் எல்லாருமே பங்கேற்பாளர்கள்தான்.

நம் விழாக்களை நினைத்துப் பாருங்கள். மேடையில் ஒன்பது பேர், பொன்னாடை ஒன்பது. கீழே இருப்பவர்களுக்குக் கைதட்டுவதைத் தவிர வேலையில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் அரங்கம் காலி. இளைஞர்கள் வருவதில்லை என்று ஆண்டறிக்கையில் தவறாமல் வருத்தப்படுகிறோம். வந்து இடம் கேட்டவர்களுக்குச் சொன்ன பதிலைத்தான் மேலே பார்த்தீர்கள்.

தமிழுக்குத் தொடர்பில்லை என்பதும் சரியல்ல. தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று பேராசிரியர் சுசுமு ஓனோ எழுதியதை எத்தனை மேடைகளில் சொல்லிப் பூரித்திருக்கிறோம்! மொழியியலார் பெரும்பாலோர் அதை ஏற்காவிட்டாலும் நாம் விடவில்லை. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' திரைப்படம் தமிழ்க் குரலோடு நம் நாட்டில் வெளியானது. அதன் வீரர்கள் மூச்சை அடக்கி வாள் வீசுவார்கள். அந்தக் கலையைத் தமிழில் 'சுவாசம்' என்பது கம்பீரமா, 'மூச்சு' என்பது கம்பீரமா என்று இந்தப் பிள்ளைகள் என் வீட்டு வராந்தாவில் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். பாதிப் பேருக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. சண்டையில் பாதி இந்தி. இருந்தாலும் ஒரு தமிழ்ச் சொல்லுக்காக இந்த ஊரில் இருபது வயதுப் பிள்ளைகள் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றுதான்.

ஆகவே பொதுக்குழுவில் மறுபடியும் மனுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது ஞாயிறு பிற்பகல்களில் சிறிய அரங்கம் பூட்டியே கிடக்கிறது. மின்சாரச் செலவைப் பிள்ளைகளே தருகிறார்கள். படத்துக்கு முறையாக அனுமதி வாங்கித்தான் திரையிட வேண்டும், அந்தக் கடிதப் போக்குவரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். முதலில் எதைப் போடலாம் என்று கேட்டார்கள். அந்த இவாஃபுனே ரயிலைச் சொன்னேன். ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். நிர்வாகக் குழுவினருக்கு முன்வரிசை கிடையாது, எல்லாருக்கும் பாய்.