அழிச்ச தடம் தெரியக் கூடாதா?

போன மழைக்காலத்தில் நடந்த கூத்து இது. மதுரையில் ஒரு கல்யாணம், அப்பா சென்னையிலிருந்து கிளம்பணும். மத்தியானம் ஒரு செய்தித்தளத்தில் அவர் போக வேண்டிய ரயில் 'ரத்து'ன்னு தலைப்பு. பதறிப்போய் ஆபீசிலிருந்தே போன் போட்டுச் சொன்னேன். மனுஷர் டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டு, கிடைச்ச பஸ்ஸில் இடுப்பு வலியோட போய்ச் சேர்ந்தார். ரயிலோ ரெண்டு மணி நேரம் தாமதமா ஜம்முன்னு போயிருக்கு!

மறுநாள் அதே சுட்டியைத் திறந்தா 'தாமதம்'னு இருக்கு. 'ரத்து' இருந்த சுவடே இல்லை. "நீ சரியா படிச்சிருக்க மாட்டேடா"ங்கிறார் அப்பா. நிரூபிக்க என்கிட்ட என்ன இருக்கு?

அச்சுப் பத்திரிகைக்கு இந்த வசதி கிடையாது. 1948 நவம்பர் 3 அன்று சிகாகோ டெய்லி ட்ரிப்யூன், அதிபர் தேர்தலில் ட்ரூமனை டூயி தோற்கடிச்சதா கொட்டை எழுத்தில் போட்டது. ஜெயிச்சவர் ட்ரூமன். அந்தப் பேப்பரைத் தூக்கிப் பிடிச்சு அவர் சிரிக்கிற படம் இன்னும் சுத்திட்டிருக்கு. இன்னிக்கா இருந்தா எதைத் தூக்கிக் காட்டுவார், ஸ்க்ரீன்ஷாட்டையா? போட்டோஷாப்னு சொல்லிடுவாங்க :-)

இன்னொரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நியூயார்க் டைம்ஸில் 1898 பிப்ரவரியில் இதழ் எண் 14,499க்கு அடுத்து 14,500 வரணும். 15,000ன்னு அச்சடிச்சுட்டாங்க. நூறு வருஷத்துக்கும் மேல அந்தத் தப்புக் கணக்கே ஓடுச்சு. கடைசியில் 2000 ஜனவரி 1 அன்று 500ஐக் கழிச்சு, கழிச்சதை வாசகர்கள்கிட்ட ஒத்துக்கிட்டாங்க. (இந்த மாதிரி பக்-ஐ நூறு வருஷம் கழிச்சு க்ளோஸ் பண்ணா எங்க மேனேஜர் என்ன சொல்வாரோ!)

பேப்பர்காரங்க எல்லாம் உத்தமர்னு சொல்ல வரலை. முதல் பக்கத்துத் தப்புக்கு மூணாவது நாள் உள்பக்க மூலையில் ரெண்டு வரி 'வருந்துகிறோம்' போடறதும் நமக்குத் தெரிஞ்சதுதான். உடனே திருத்த முடியறது இணையத்தோட பெரிய பலம். திருத்தட்டும், வேண்டாம்னா சொன்னேன்? திருத்தினதைச் சொல்லாம விடறதுதான் உறுத்துது.

தொழில்நுட்பம் இல்லைன்னு யாரும் கதை விட முடியாது. விக்கிப்பீடியாவில் ஒரு கால்புள்ளியை மாத்தினாலும் வரலாற்றுப் பக்கத்தில் நேரத்தோட நிக்குது. செய்தித்தளங்கள் சத்தமில்லாம மாத்தறதைப் பிடிக்கவே 2012ல் நியூஸ்டிஃப்ஸ்னு ஒண்ணு செஞ்சு காட்டினாங்க. என் வேலையில் ஒரு வரி மாத்தினாலும் யாரு, எப்போன்னு பதிவாகிடும். ஊரே படிக்கிற செய்திக்கு அடியில், 'முதலில் ரத்து என்று வெளியிட்டிருந்தோம், மாலை 5 மணிக்குத் திருத்தினோம்'னு ஒரு வரி சேர்க்க எவ்வளவு செலவாகிடும்?

இப்பல்லாம் நான் எந்த ரயில் நியூஸ் சொன்னாலும், அப்பா என் எதிரிலேயே 139க்குப் போன் போட்டு உறுதி பண்ணிக்கிறார்.