எண்ணைப் படிப்போம், ஏமாறாதிருப்போம்!

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (கணிதம்)

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் பெரியோர் வாக்கு. இன்று நாம் காண்பதும் கேட்பதும் பெரும்பாலும் கைப்பேசித் திரையில்தான். தீர விசாரிக்கும் வேலையை மட்டும் யாரிடமும் ஒப்படைக்காமல் விட்டுவிட்டோம். கல்லூரிக்குப் படிக்க வந்திருக்கும் நாம்தான் அந்த வேலையை மேற்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அதற்குச் சான்றாக ஒரு பற்பசைப் பெட்டியை எடுத்துக்கொள்கிறேன்.

ஒரகடம் சாலையோரத்தில் என் தாயார் ஒரு சிறு மளிகைக்கடை நடத்திவருகிறார். தொழிற்சாலை ஷிப்டு முடிந்து வருபவர்களே எங்கள் வாடிக்கையாளர்கள். 2020 ஜூன் மாதம் கல்வான் பள்ளத்தாக்கில் மோதல் நடந்த பிறகு, சீனப் பொருட்களை வாங்கக் கூடாது என்ற குரல் நாடெங்கும் எழுந்தது. அப்போது ஒரு வாட்ஸ்அப் செய்தியும் சுற்றி வந்தது. பட்டைக் குறியீட்டின் கீழுள்ள எண் 890 என்று தொடங்கினால் இந்தியப் பொருள். 690 முதல் 695 வரை தொடங்கினால் சீனப் பொருள் என்பதே அச்செய்தி.

எங்கள் கடையில் இருந்த ஒரு பற்பசையின் எண் 890 என்று தொடங்கவில்லை. நாள்தோறும் வரும் ஒருவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, நீயும் வெளிநாட்டுச் சரக்கு விக்க ஆரம்பிச்சிட்டியா?" என்று பலர் முன்னிலையில் கேட்டார். பெட்டியில் இந்திய முகவரி ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்தது. என் தாயாருக்கு ஆங்கிலம் தெரியாது. பள்ளி மாணவனாக இருந்த எனக்கோ எதைப் படித்துக் காட்ட வேண்டும் என்று தெரியாது. இரண்டு டஜன் பெட்டிகள் விலைபோகாமல் நின்றன. ஏஜென்டும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. போன பணம் பெரிதல்ல. பத்துப் பேர் முன் தலைகுனிந்ததுதான் அவருக்குப் பெரிது.

கல்லூரியில் எண்ணியல் வகுப்பில் மட்டு 10 கணக்குகளைப் படித்தபோதுதான், அந்தப் பெட்டி மீண்டும் என் நினைவுக்கு வந்தது.

இந்தக் கோடுகளின் வரலாறு சுவையானது. ஜோசப் உட்லண்ட், பெர்னார்ட் சில்வர் என்ற இரு அமெரிக்க இளைஞர்கள் 1952இல் இதற்குக் காப்புரிமை பெற்றனர். கடற்கரை மணலில் விரல்களால் கோடு கிழித்தபோது, தந்திக்குரிய மோர்ஸ் குறிகளை நீட்டினால் கோடுகளாகும் என்ற எண்ணம் உட்லண்டுக்குத் தோன்றியதாம். 1974 ஜூன் 26 அன்று ஓஹியோ மாநிலத்தின் ட்ராய் நகரக் கடை ஒன்றில் ஒரு சூயிங்கம் பாக்கெட் முதன்முதலாக இவ்வாறு படிக்கப்பட்டது. நம் நாட்டில் இவ்வெண்களை வழங்க ஜிஎஸ்1 இந்தியா என்ற அமைப்பு 1996இல் ஏற்பட்டது. அதற்குரிய முன்னெண்தான் 890.

இங்கேதான் வாட்ஸ்அப் செய்தி வழுக்கி விழுகிறது. 890 என்பது, பொருளுக்குரிய நிறுவனம் இந்திய அமைப்பிடம் எண் பெற்றது என்பதற்கு மட்டுமே அடையாளம். பொருள் எங்கே பிறந்தது என்பதற்கு அது சான்றிதழ் அன்று. சீனாவில் செய்த பொம்மையை இறக்குமதி செய்யும் இந்திய நிறுவனம் தன் 890 எண்ணை அதன்மேல் அச்சிடலாம். மறுபுறம் நம் ஊரையே பாருங்கள். சுங்குவார்சத்திரம் அருகிலுள்ள பாக்ஸ்கான் தொழிற்சாலையில் நம் வட்டாரப் பெண்கள் கைபட்டு ஐபோன்கள் உருவாகின்றன. ஆனால், அவை தாங்கும் எண் ஆப்பிள் நிறுவனம் அமெரிக்க முறையில் பெற்ற 12 இலக்க எண். அதில் 890 இல்லை. வாட்ஸ்அப் தீர்ப்பின்படி பார்த்தால், நம் சகோதரிகள் வேலை செய்வது அமெரிக்காவில் என்றல்லவா ஆகிவிடும்?

சரி, அந்த எண்ணுக்கு வேறு பயனே இல்லையா? உண்டு. முதலில் முன்னெண், பின்னர் நிறுவனத்தின் எண், அடுத்துப் பொருளின் எண், கடைசி ஓரிலக்கம் சரிபார்ப்பு எண். விலையோ காலாவதி நாளோ அதில் இல்லை. விலை கடையின் கணிப்பொறியில் இருக்கிறது.

சரிபார்க்க ஒரு பென்சில் போதும். 8901234567890 என்ற மாதிரி எண்ணைக் கொள்வோம். கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு, இடப்புறத்திலிருந்து ஒற்றை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டுக: 8+0+2+4+6+8 = 28. இரட்டை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டுக: 9+1+3+5+7+9 = 34. இதை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. இதைப் பத்தின் மடங்காக்க இன்னும் எவ்வளவு வேண்டும்? பூச்சியம். கடைசி இலக்கமும் பூச்சியமே. எண் சரி!

ஏன் மூன்று? 0 முதல் 9 வரை உள்ள இலக்கங்களை மூன்றால் பெருக்கினால், கிடைக்கும் எண்களின் கடைசி இலக்கங்கள் ஒன்றுபோல் ஒன்று வாரா. இரண்டால் பெருக்கினாலோ 0க்கும் 5க்கும் ஒரே கடைசி இலக்கம்தான் வரும். ஆகவே மூன்றைக் கொண்டால், ஏதேனும் ஓர் இலக்கம் மாறினால் கட்டாயம் பிடிபடும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம்மாறினாலும் பெரும்பாலும் பிடிபடும். இரண்டுக்கும் வேறுபாடு 5 ஆக இருந்தால் மட்டும் தப்பிவிடும். 1, 6 என்பது 6, 1 ஆனால் கூட்டுத்தொகை 19க்குப் பதில் 9 ஆகும். வேறுபாடு 10 ஆதலால் கணக்குக்குத் தெரியாது.

எங்கள் தெருவில் ஓர் அக்கா ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் பெட்டி கட்டும் பிரிவில் இருக்கிறார். சீட்டு கசங்கி இயந்திரம் படிக்காதபோது எண் முழுவதையும் கையால் தட்ட வேண்டுமாம். "ஒரு நம்பர் மாறினாலும் மிஷின் கத்துது, அதுக்கு எப்படித் தெரியுதுன்னு யாரும் சொன்னதில்ல" என்றார். அவர் வீட்டு நாட்காட்டியின் பின்பக்கத்திலேயே இக்கணக்கைப் போட்டுக் காட்டினேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அவர், அடுத்த எண்ணைத் தாமே போட்டுச் சரிபார்த்தார். நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை கையாளும் ஒன்றின் பொருளை அறியாமலே ஒருவர் ஆண்டுக்கணக்கில் உழைப்பது நியாயமா என்று அன்று எனக்குத் தோன்றியது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. இக்கணக்கு கைத்தவறைக் கண்டுபிடிக்குமே தவிர, கள்ளத்தனத்தைக் கண்டுபிடிக்காது. போலிச் சரக்கு செய்பவன் அசல் பெட்டியின் கோடுகளை அப்படியே நகலெடுத்தால் கூட்டல் சரியாகவே வரும். எனவே எண்ணோடு நின்றுவிடாமல், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, பிறந்த நாடு, அதிகபட்ச விலை, உணவுப் பொருளானால் 14 இலக்க உரிம எண் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஐயம் எழுந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

ஆனால், இவற்றைப் பார்க்கச் சொல்கிறோமே, யார் படிப்பது? பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகள், விவரங்களை இந்தியிலோ ஆங்கிலத்திலோ அச்சிட்டால் போதும் என்கின்றன. பிற மொழிகளையும் சேர்த்துக்கொள்ளலாம், கட்டாயமில்லை. இயந்திரம் படிப்பதற்கென்று கோடுகள் இருக்கின்றன. ஆங்கிலம் அறிந்தவர் படிப்பதற்கென்று எழுத்துகள் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கும் என் தாயார் போன்றோர் படிப்பதற்கு என்ன இருக்கிறது? தமிழ்நாட்டில் விற்கும் பொருளில் தயாரித்த இடமும் விலையும் காலாவதி நாளும் தமிழிலும் இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசையா? எழுத்து இல்லாத இடத்தில்தான் வதந்தி வந்து உட்காருகிறது.

சட்டம் மாறும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்கிறோம், மரம் நடுகிறோம், தெருவைக் கூட்டுகிறோம். இவ்வாண்டு ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, கிராமத்து மளிகைக்கடை வாசலில் பெட்டிகளைப் படித்துக் காட்டினால் என்ன? கணிதத் துறை கூட்டலைக் கற்பிக்கட்டும். தமிழ்த் துறை முகவரியைத் தமிழில் எழுதித் தரட்டும். வணிகவியல் துறை விதிகளை விளக்கட்டும். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்ட வேண்டுகிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இப்போதெல்லாம் புதுச் சரக்கு வந்து இறங்கியதும், "அட்ரஸ் எங்க போட்டிருக்கு, படிடா" என்று என் தாயார் பெட்டியை நீட்டுகிறார். படித்துச் சொல்கிறேன். எந்த ஊர் என்று அட்டையில் தமிழில் எழுதிக் கடையில் மாட்டியும் வைத்திருக்கிறோம். இதுபோன்ற அட்டை நம் ஒவ்வொருவர் ஊரிலும் ஒரு கடையிலாவது தொங்க வேண்டும். செய்வோமா, தோழர்களே?